பெர்ஃப்யூம் பார்சல் எங்க மாட்டிச்சு? ஷாப்பிங் ஏஜென்ட் வழியா வாங்கறவங்களுக்கு சிம்ப்டம் வாரியா ஒரு கைடு

வெளிநாட்டு சைட்ல மட்டும் கிடைக்கிற ஒரு பெர்ஃப்யூம் புடிச்சிருக்கு, கடைக்காரர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறார், சரின்னு ஒரு ஷாப்பிங் ஏஜென்ட்டை புடிச்சு அவங்க வேர்ஹவுஸுக்கு வரவழைச்சு அங்கேருந்து அனுப்ப சொல்றோம். ட்ரெஸ்ஸு, ஷூ, புக்கு எல்லாம் இந்த ரூட்ல சிக்கல் இல்லாம வந்துடும், பெர்ஃப்யூம் மட்டும் நடுவுல எங்கயாச்சும் உக்காந்துக்கும். எங்க உக்காந்திருக்குங்கறத வச்சே முக்கால்வாசி நேரம் காரணத்த சொல்லிடலாம், அதனால உங்களுக்கு என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஆனா அதுக்கு முன்னாடி அடுத்த ரெண்டு பாராவ மட்டும் படிச்சிடுங்க, அது இல்லாம கீழ சொல்றது எதுவும் புரியாது.

ஸ்ப்ரே பெர்ஃப்யூம்ல பெரும்பகுதி எத்தனால், அதாவது ஆல்கஹால். சுத்தமான எத்தனாலோட ஃப்ளாஷ் பாயின்ட் (பொறி பட்டா ஆவி பத்திக்கற குறைஞ்சபட்ச சூடு) 13 டிகிரி செல்சியஸ் கிட்ட, தண்ணி கலந்தா கொஞ்சம் ஏறும், ஆனாலும் சாதாரண ரூம் சூட்டுலயே ஒரு பொறி பட்டா அதோட ஆவி பத்திக்கும். ஃப்ளாஷ் பாயின்ட் 60 டிகிரியோ அதுக்கு கீழயோ இருந்தா விமான சரக்கு விதிப்படி அது கிளாஸ் 3, எரியக்கூடிய திரவம், பெயின்ட் தின்னர் இருக்கற அதே வகுப்பு. எரியற கரைப்பான் சேர்ந்த வாசனைப் பொருளுக்குன்னே, ஆபத்தான சரக்குகளுக்கான ஐநா பட்டியல்ல, யூஎன் 1266னு தனி நம்பர் இருக்கு. பிராண்ட் எவ்ளோ காஸ்ட்லியா இருந்தாலும் ஏர்லைன் கண்ணுக்கு அது யூஎன் 1266 தான்.

அடுத்தது தபால். எரியற திரவம் சர்வதேச தபால்ல போகக்கூடாதுங்கறது நாடுகளோட தபால் துறைங்க சேர்ந்த யுனிவர்சல் போஸ்டல் யூனியனோட விதி, ஈஎம்எஸ்ங்கற வேகத் தபாலும் தபால் தான்ங்கறதால அதுக்கும் இதே கதை. உள்நாட்டுக்குள்ள மட்டும் நாட்டுக்கு நாடு சலுகை இருக்கும், உதாரணத்துக்கு பிரிட்டன்ல ராயல் மெயில் உள்ளூர் பார்சல்ல 150 மில்லி வரைக்குமான பாட்டில் 4 வரைக்கும் எடுத்துக்கும், வெளிநாட்டுக்கு ஒண்ணு கூட எடுக்காது. அமெரிக்க தபால் துறை ஆல்கஹால் பெர்ஃப்யூம உள்நாட்டுல தரை வழியா மட்டும் எடுக்கும், வெளிநாட்டுக்கு கிடையாது. 'கடையிலேருந்து ஏஜென்ட்கிட்ட ரெண்டே நாள்ல வந்துச்சே, அங்கேருந்து எங்கிட்ட வர என்ன கேடு'ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

சிம்ப்டம் 1: ஆர்டர் போடும்போதே 'இத வாங்க முடியாது'ன்னு வருது

ஒரு விதத்துல இது நல்ல ஏஜென்ட்டோட அடையாளம். லிங்க்க போட்ட உடனே அவங்க சிஸ்டம் பொருளோட வகைய பாத்து தடுத்திருக்கு, உங்க காசு இன்னும் உங்ககிட்ட தான் இருக்கு, இதோட நிறுத்திக்கிட்டா நஷ்டம் எதுவும் இல்ல. நிறைய பேர் இங்க பண்ற வேலை, அதே பொருள வேற பேர்ல, 'ரூம் டெக்கரேஷன்' 'கிஃப்ட் பாக்ஸ்'னு ஃபார்ம்ல கைல அடிச்சு வாங்க வச்சிடறது. வாங்கிடுவாங்க, வேர்ஹவுஸ்ல பிரிச்சு பாப்பாங்க, அப்பறம் நீங்க சிம்ப்டம் 2க்கு வந்து சேருவீங்க, இந்த தடவ காசு கட்டிட்டு.

இதவிட மோசமான ஏஜென்ட் வாங்கறதுக்கு தடையே போடாம அனுப்பறப்ப மட்டும் கை விரிக்கிறவங்க. வாங்கற டீம் வேற, அனுப்பற டீம் வேற, ரெண்டும் பேசிக்காது. அதனால காசு கட்டறதுக்கு முன்னாடியே சாட்ல கேட்டுடுங்க: இந்த லிங்க்ல இருக்கறது ஆல்கஹால் பெர்ஃப்யூம், இத்தன மில்லி, என் நாட்டுக்கு எந்த லைன்ல (அதாவது எந்த ஷிப்பிங் சர்வீஸ்ல) அனுப்புவீங்க, ஆபத்தான சரக்குன்னு டிக்ளேர் பண்ணி அனுப்புவீங்களா, தனி பெட்டியா போகுமா. பதில் 'நோ ப்ராப்ளம் நோ ப்ராப்ளம்'னு மட்டும் வந்தா அது பதில் கிடையாது, லைன் பேர் வரணும். லைன் பேர் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோங்க, பின்னாடி தகராறு வந்தா உங்க பக்கம் இருக்கற ஒரே பேப்பர் அதுதான்.

சிம்ப்டம் 2: வேர்ஹவுஸுக்கு வந்துடுச்சு, ஆனா ஷிப்பிங் பக்கத்துல ஒரு லைன் கூட காட்டல

முதல்ல செக் பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள். செலக்ட் பண்ணி வச்சிருக்கற பார்சல்லேருந்து பெர்ஃப்யூம மட்டும் டிக் எடுத்துட்டு திரும்ப பாருங்க. மத்த பொருளுக்கு லைன் வரிசையா வந்துச்சுன்னா ஒரே ஒரு பாட்டில் தான் மொத்த பெட்டியையும் புடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். அப்ப மத்தத எல்லாம் தனியா இன்னைக்கே அனுப்பிடுங்க, பெர்ஃப்யூமுக்காக நாலு ஷர்ட்ட காக்க வைக்காதீங்க.

பெர்ஃப்யூம தனியா செலக்ட் பண்ணியும் எதுவும் வரலன்னா அவங்க அந்த பொருளுக்கு என்ன டேக் போட்டிருக்காங்கன்னு பாருங்க. 'லிக்விட்', 'சென்சிட்டிவ்', 'டேஞ்சரஸ்' இது மூணும் மூணு வேற கதவு. ஷாம்பு மாதிரி எரியாத திரவத்த எடுத்துக்கற லைன் நிறைய இருக்கும், ஆல்கஹால் பெர்ஃப்யூம எடுக்கறது அதுல கொஞ்சமே கொஞ்சம். சில நேரம் ஆயில் பேஸ்ல இருக்கற அத்தர கூட பேர பாத்துட்டு 'பெர்ஃப்யூம்'னு டேக் பண்ணி வச்சிருப்பாங்க, அப்ப இதுல ஆல்கஹால் இல்லன்னு லேபிள் போட்டோவோட சொன்னா மாத்துவாங்க. ஆனா ஆயில்னாலே சேஃப்னு நீங்களும் நினைச்சிடாதீங்க, எலுமிச்சை ஆரஞ்சு தோல் எண்ணெய்ல இருக்கற லிமோனீனோட ஃப்ளாஷ் பாயின்ட் 48 டிகிரி கிட்ட தான், அதுவும் கிளாஸ் 3க்குள்ள வந்துடும். சந்தன எண்ணெய் மாதிரி கனமான எண்ணெய்க்கு 100 டிகிரிக்கு மேல போகும். அதனால வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகாது, அந்த பொருளோட சேஃப்டி டேட்டா ஷீட் (தயாரிப்பாளர் தர்ற பாதுகாப்பு விவரத்தாள்) வேணும், அதுல 9வது பிரிவுல ஃப்ளாஷ் பாயின்ட்டும் 14வது பிரிவுல யூஎன் நம்பரும் இருக்கும், அந்த ரெண்டு பிரிவ மட்டும் ஏஜென்ட்டுக்கு அனுப்பினா போதும்.

நீங்க வாங்கினது பம்ப் ஸ்ப்ரேயா இல்ல கேஸ் அடைச்ச டின்னா? 'பாடி மிஸ்ட்'ங்கற பேர்ல ரெண்டும் விக்கறாங்க. அழுத்தி புடிச்சா விடாம வந்துக்கிட்டே இருந்துச்சுன்னா அது ஏரோசால், யூஎன் 1950, கதையே வேற, பெர்ஃப்யூம எடுக்கற லைன் கூட சில நேரம் அத எடுக்காது.

இதுக்கெல்லாம் நடுவுல வேர்ஹவுஸ்ல ஃப்ரீ ஸ்டோரேஜ் நாள் ஓடிக்கிட்டே இருக்கும், கடைக்கு திருப்பி அனுப்பற கெடுவும் ஓடும். பெர்ஃப்யூமோட செலோஃபேன் கவர பிரிச்சிட்டா பெரும்பாலான கடைல திருப்பி எடுக்க மாட்டாங்க, அதனால லைன் கிடைக்குமான்னு உறுதியாகற வரைக்கும் 'பிரிச்சு உள்ள போட்டோ எடுங்க'ன்னு கேக்காதீங்க, வெளி போட்டோ போதும்.

சிம்ப்டம் 3: லைன் காட்டுது, ஆனா ரேட்ட பாத்தா தலை சுத்துது

ஏமாத்தறாங்கன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. விமானத்துல பெர்ஃப்யூம் நேர்மையா போறதுக்கு பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு யூஎன் 1266னு நேரடியா டிக்ளேர் பண்றது. இன்னொண்ணு கன்ஸ்யூமர் கமாடிட்டிங்கற ஐடி 8000 வழி, சில்லறை விற்பனைக்குன்னு பேக் பண்ண பொருளுக்கு மட்டும், உள்ள இருக்கற ஒரு பாட்டில் 500 மில்லிக்கு மேல போகக்கூடாது, மொத்த பெட்டி 30 கிலோவ தாண்டக்கூடாது. எது ஆனாலும் பயிற்சி எடுத்த ஆள் பேக் பண்ணி பேப்பர்ல கையெழுத்து போடணும், அந்த பயிற்சிய 24 மாசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அப்பறம் ஏர்லைன் தனியா செக் பண்ணும். இந்த செலவு எல்லாம் தான் 'டிஜி ஃபீ' (டேஞ்சரஸ் கூட்ஸ், அதாவது ஆபத்தான சரக்குக்கான ஃபீ)ங்கற பேர்ல உங்க பில்லுல வந்து நிக்குது.

அந்த ஃபீ பெரும்பாலும் பாட்டிலுக்கு இல்ல, பெட்டிக்கு. ஒரு பாட்டில் அனுப்பினாலும் நாலு பாட்டில் அனுப்பினாலும் கிட்டத்தட்ட ஒரே ஃபீ தான்னா, ஒவ்வொண்ணா அனுப்பறது வீண். பெர்ஃப்யூம எல்லாம் சேத்து ஒரே பெட்டி, துணிமணி தனிப் பெட்டி சாதா லைன்ல, இப்படி பிரிச்சா மொத்த பில் இறங்கும். ஃபீ எந்த கணக்குல போடறாங்கன்னு மட்டும் முதல்ல கேட்டுக்கோங்க.

30 மில்லி பாட்டில் கிடைக்குதான்னும் பாருங்க. ஒவ்வொரு பாட்டிலும் 30 மில்லிக்குள்ள இருந்து மொத்தமும் ஒரு அளவுக்குள்ள இருந்தா 'எக்ஸெப்டட் குவான்டிட்டி'ங்கற தனி சலுகைல போகலாம், பேப்பர் வேலை ரொம்ப குறைவு. எக்ஸ்பிரஸ் கூரியரோட இதுக்குன்னு ஒப்பந்தம் போட்ட ஏஜென்ட்டால தான் இத பண்ண முடியும், ஆனா அப்படி ஒருத்தர் கிடைச்சா 100 மில்லி ஒண்ணுக்கு பதிலா 30 மில்லி வாங்கறது புத்திசாலித்தனம்.

எடை கணக்கையும் ஒரு தடவ போட்டு பாருங்க. பெரும்பாலான கூரியர்ல நீளம் அகலம் உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, சிலர் 6000ஆல. 30க்கு 20க்கு 15 பெட்டின்னா 9000, அத 5000ஆல வகுத்தா 1.8 கிலோ, உள்ள இருக்கறது அரை கிலோ பாட்டிலா இருந்தாலும் 1.8க்கு தான் பில். எடைய குறைக்கறேன்னு பெர்ஃப்யூமோட ஒரிஜினல் அட்டைய தூக்கி போட சொல்லாதீங்க, அது ஒரு அடுக்கு பாதுகாப்பு, ஐடி 8000 வழில போறதுன்னா சில்லறை பேக்கா இருக்கணும்ங்கறது வேற. தேவையில்லாம பெரிசா இருக்கற வெளிப்பெட்டிய மட்டும் மாத்த சொல்லுங்க.

சிம்ப்டம் 4: 'செக்யூரிட்டி இன்ஸ்பெக்ஷன்', 'எக்ஸ்ரே ஃபெயில்'னு காட்டி திரும்பி வந்துடுச்சு

அதிகம் பேர் மாட்டறது இங்க தான். நடந்தது இதுதான்: ஏஜென்ட் பெர்ஃப்யூம துணியோட துணியா சுத்தி 'காட்டன் க்ளோத்ஸ்'னு எழுதி சாதா லைன்ல தள்ளி விட்டிருப்பார், ஏர்போர்ட்ல ஸ்க்ரீன்ல கண்ணாடி பாட்டில், உள்ள திரவ மட்டம், கழுத்துல உலோக வளையம், நடுவுல மெல்லிசா ஒரு ட்யூப், எல்லாம் அச்சு அசலா தெரிஞ்சிருக்கும். பெர்ஃப்யூம் பாட்டிலோட எக்ஸ்ரே உருவம் வேற எதோடயும் சுலபத்துல குழம்பாது.

திரும்பி வந்ததும் ஏஜென்ட் சாட்ல ஒரு ஆறுதல் சொல்வாங்க, 'அடுத்த தடவ வேற ஏர்போர்ட் வழியா ட்ரை பண்றோம்', 'ஃபாயில் சுத்தி அனுப்பறோம்'. தயவு செஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க. மாட்டிக்குவோம்ங்கற பயம் மட்டும் காரணம் இல்ல. 1996 மே 11ல அமெரிக்கால வேல்யூஜெட் 592ங்கற விமானம் விழுந்து அதுல இருந்த 110 பேரும் இறந்தாங்க, சரக்கு அறைல இருந்த ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள்லேருந்து தீ புடிச்சது, பேப்பர்ல அது காலி டப்பான்னு எழுதியிருந்தது. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அந்த பயணிகள் விமானத்துல ஏத்தியே இருக்க மாட்டாங்க. 100 மில்லி பெர்ஃப்யூம் அவ்ளோ பெருசு இல்ல தான், ஆனா சரக்க ஏத்தறவங்க எதுக்கு பக்கத்துல எத வைக்கலாம்னு முடிவு பண்றது அந்த பேப்பர நம்பித்தான். பொய் பேப்பர் போட்டதுக்கு அனுப்புநர் மேல அபராதம், கணக்கு முடக்கம் எல்லாம் வரும், அத ஏஜென்ட் உங்க தலைல கட்டுவார்னு அவங்க விதிமுறைலயே எழுதியிருக்கும், படிச்சு பாருங்க.

சரி, இப்ப என்ன பண்றது. திரும்பி வந்த காரணத்த வாய்ல இல்லாம போட்டோவா கேளுங்க, ஏர்லைன் ஸ்டிக்கரோ ரிஜெக்ட் ஸ்லிப்போ ஏதாவது ஒட்டியிருக்கும். அதுலயே சில நேரம் விடை இருக்கும், உள்ள இருந்தது பெர்ஃப்யூம் கூட இல்ல, நீங்க மறந்து போன ஒரு பவர் பேங்க்காவும் இருக்கலாம். பெர்ஃப்யூம் தான்னு உறுதியாச்சுன்னா பெட்டிய பிரிச்சு பெர்ஃப்யூம வெளில எடுத்து மத்தத மட்டும் அதே லைன்ல மறுபடி அனுப்ப சொல்லுங்க. பெர்ஃப்யூமுக்கு ஆபத்தான சரக்க எடுக்கற லைன கேளுங்க, இல்லன்னா கப்பல் அல்லது தரை வழி லைன கேளுங்க. கப்பல்னா விதியே இல்லைன்னு அர்த்தம் இல்ல, அதுக்கும் ஐஎம்டிஜின்னு தனி விதித்தொகுப்பு இருக்கு, ஆனா சின்ன அளவுக்கு தளர்வு அதிகம். நாள் நிறைய ஆகும், அவசரம் இல்லன்னா எனக்கு பிடிச்ச வழி அதுதான்.

இந்த தடவ கிளம்பறதுக்கு முன்னாடி வெளிப்பெட்டியோட போட்டோ கேளுங்க, லேபிள் ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு நீங்களே பாக்கலாம். யூஎன் 1266னு முழுசா டிக்ளேர் பண்ணி விமானத்துல போறதுன்னா சாய்ச்ச சதுரத்துல சிவப்பு பின்னணில தீப்பிழம்பு படம், கீழ மூலைல 3. ஐடி 8000 வழின்னா அந்த சிவப்பு இருக்காது, மேல் பாதில செங்குத்தா கறுப்பு கோடு போட்ட கிளாஸ் 9 லேபிளும், மேலயும் கீழயும் கறுப்பா நடுவுல ஒய் எழுத்து இருக்கற இன்னொரு சாய்ச்ச சதுரமும் இருக்கும். எக்ஸெப்டட் குவான்டிட்டின்னா ஓரமெல்லாம் சாய்கோடு போட்ட ஒரு சதுர குறி. கப்பல், லாரி வழியா சின்ன அளவுல போறதுல ஒய் இல்லாத அதே கறுப்பு வெள்ளை சதுரம். விமானம்னு சொல்லிட்டு இதுல எதுவுமே ஒட்டாத மொட்ட பெட்டின்னா, மறுபடியும் துணின்னு சொல்லி தான் அனுப்பறாங்கன்னு எடுத்துக்கலாம்.

சிம்ப்டம் 5: ட்ராக்கிங் அப்படியே நிக்குது

கடைசி வரி என்னன்னு பாருங்க. 'லேபிள் க்ரியேட்டட்'னு மட்டும் இருந்தா பெட்டி இன்னும் ஏஜென்ட் வேர்ஹவுஸ விட்டே போகல, ஆபத்தான சரக்க வாரத்துல சில நாள் தான் சேத்து ஏத்துவாங்க, கொஞ்சம் பொறுங்க. 'ரிசீவ்ட் பை கேரியர்' ஆகி அப்பறம் அசையலன்னா ஸ்க்ரீனிங்ல நிக்குதுன்னு வச்சிக்கோங்க, ஏஜென்ட்ட தட்டி கேளுங்க. 'டிபார்ட்டட்' ஆகி காணோம்னா அது கப்பல்ல இருக்கலாம், இல்ல உங்க நாட்டுல டெலிவரி பண்ற கம்பெனியோட நம்பர் வேறயா இருக்கலாம், அந்த ரெண்டாவது நம்பர கேட்டு அவங்க சைட்ல போட்டு பாருங்க. பாதி 'காணாம போன' பார்சல் அந்த ரெண்டாவது நம்பர்ல சாதாரணமா ஓடிக்கிட்டு இருக்கும்.

சிம்ப்டம் 6: கஸ்டம்ஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க

இவ்ளோ தூரம் வந்துடுச்சுன்னா போக்குவரத்து தாண்டிடுச்சு, இனி கேள்வி வரி, உரிமை, பொருளோட அசல் தன்மை. பெர்ஃப்யூமுக்கு உலகம் முழுக்க எச்எஸ் எண் (கஸ்டம்ஸ் பொருள வகைப்படுத்தற எண்) 3303, வெறும் வாசனை எண்ணெய்க்கு 3301. இன்வாய்ஸ்ல 'கிஃப்ட்', 'சாம்பிள்'னு மொட்டையா இருந்தா நிப்பாட்டுவாங்க. கடையோட அசல் பில், காசு கட்டின ரசீது, பொருளோட லிங்க், எத்தன பாட்டில் எத்தன மில்லி, சொந்த உபயோகம்னு ஒரு வரி, இத ஒண்ணா சேத்து ஒரே தடவைல அனுப்பிடுங்க, துண்டு துண்டா அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுத்து காக்கணும். ஒரே பெர்ஃப்யூம் பத்து பாட்டில்னா விக்கறதுக்குன்னு தான் நினைப்பாங்க, அத தப்புன்னு சொல்ல முடியாது.

ஏஜென்ட் விலைய குறைச்சு எழுதி தரேன்னு சொல்வார். வரிய விடுங்க, பாட்டில் உடைஞ்சா இன்ஷூரன்ஸ் தர்றது அந்த எழுதின விலைய தான், அப்ப யார்கிட்ட போய் சண்ட போடுவீங்க. பிராண்ட் பேர்ல டூப்ளிகேட் வாங்கியிருந்தா அது பறிமுதலாகும், அதுக்கு எந்த பேப்பரும் உதவாது.

ஊத், அம்பர் பிரியர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊத் வர்ற அகில் மரத்தோட அக்விலேரியா இனம் முழுக்க, அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வர்த்தகத்த கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. கடைல விக்கற மாதிரி பேக் பண்ணி முடிச்ச பெர்ஃப்யூமுக்கு அதுல விலக்கு உண்டு, மரத்துண்டு, மணி மாலைக்கு அந்த விலக்கு கிடையாது, பெர்மிட் வேணும். அதனால 'ஃப்ரீ கிஃப்ட்'டுன்னு கடைக்காரர் ஒரு சின்ன பாக்கெட் ஊத் மரத்துண்டு உள்ள போட்டிருந்தா அத வேர்ஹவுஸ்லயே எடுத்துட சொல்லுங்க, அந்த துண்டுக்காக மொத்த பெட்டியும் நிக்கும். திமிங்கலத்துலேருந்து வர்ற அசல் அம்பர்கிரிஸ் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா மூணுலயும் சட்ட விரோதம், வாங்கவே வாங்காதீங்க. கடைல 'அம்பர்'னு விக்கற பெரும்பாலான பெர்ஃப்யூம்ல அது இல்ல, பிசின் வகைகள் கலந்து செஞ்ச வாசனை தான்.

சிம்ப்டம் 7: பெட்டி வந்துடுச்சு, பிரிக்கறதுக்கு முன்னாடியே வீடெல்லாம் மணக்குது

கசிஞ்சிருக்கு. அடுப்பு, விளக்கு, ஹீட்டர் பக்கத்துல வச்சு பிரிக்காதீங்க, ஜன்னல தொறந்து வச்சிட்டு பிரிங்க. டேப்ப கிழிக்கறதுக்கு முன்னாடி ஆறு பக்கமும் போட்டோ, அப்பறம் வீடியோவ ஓட விட்டு ஒரே டேக்ல பிரிக்கணும், நடுவுல கட் ஆச்சுன்னா க்ளெய்ம்ல ஒத்துக்க மாட்டாங்க. பாட்டில தூக்கி வெளிச்சத்துக்கு புடிச்சு மட்டத்த போட்டோ எடுங்க, புதுசுன்னா திரவம் தோள் வரைக்கும் நிக்கும், அதுலேருந்து எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாத்தாலே தெரியும்.

பாட்டில் உடையாம எப்படி கசிஞ்சுது? எத்தனால் சூட்டுல நல்லா விரியும், 10 டிகிரி ஏறினா ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. வெயில்ல நின்ன வண்டிக்குள்ள 20லேருந்து 50 டிகிரிக்கு போச்சுன்னா 100 மில்லிக்கு 3 மில்லிக்கு மேல கூடும், மேல காத்து இடம் இல்லாம விளிம்பு வரைக்கும் ரொப்பின பாட்டில்ல அது கழுத்து வழியா தான் வெளில வரணும். விமானத்துல இதுக்கு மேல காத்தழுத்தமும் குறையும், தரைல 101 கிலோபாஸ்கல்னா பறக்கும்போது உள்ள 75 வரைக்கும் இறங்கும். திரவத்த வச்சிருக்கற பாட்டிலோ டப்பாவோ 95 கிலோபாஸ்கல் வித்தியாசத்த தாங்கணும்னு விமான விதி சொல்றது சும்மா இல்ல.

எந்த பாட்டில் கசியும்ங்கறது கழுத்த பாத்தாலே சொல்லிடலாம். மூடிய எடுத்துட்டு ஸ்ப்ரே தலைக்கு கீழ இருக்கற உலோக வளையத்த ரெண்டு விரலால திருகி பாருங்க. அசையவே இல்லன்னா அது கண்ணாடியோட சேத்து நசுக்கி மூடினது, கிரிம்ப்னு சொல்வாங்க, அது சுலபத்துல கசியாது. திருகினா சுத்துதுன்னா அது மரை போட்டது, வண்டியோட அதிர்வுலயே லூஸாகும். ஸ்ப்ரேயே இல்லாம கண்ணாடி அடைப்பான் வச்ச பழைய பாட்டில், பெரிய பாட்டில்லேருந்து கொஞ்சமா ஊத்தி (டீகேன்ட் பண்ணி) குடுக்கற சின்ன குப்பி எல்லாம் இன்னும் மோசம்.

அதனால அடுத்த தடவ ஏஜென்ட்கிட்ட 'நல்லா பேக் பண்ணுங்க'ன்னு சொல்லாதீங்க, அது அவங்களுக்கு ரெண்டு சுத்து பபிள் ரேப். இப்படி கேளுங்க: மரை உள்ள பாட்டில்னா கழுத்துல எலெக்ட்ரிகல் டேப்ப மூடி இறுகற திசைலயே இழுத்து மூணு சுத்து, ஸ்ப்ரே பட்டன் அமுங்காம மூடி மேலயும் ஒரு டேப், பிறகு ஜிப் கவர், கவருக்குள்ள உறிஞ்சற டிஷ்யூ, அதுக்கு மேல இன்னொரு ஜிப் கவர், ஒரிஜினல் அட்டை, எல்லா பக்கமும் ரெண்டு இன்ச் நிரப்பல், ரெட்டை அடுக்கு அட்டைப்பெட்டி. பெட்டிய கைல எடுத்து ஆட்டினா உள்ள எதுவும் உருளற சத்தம் வரக்கூடாது. காசு தனியா கேட்டா குடுத்துடுங்க, இந்த பில் மொத்தத்துலயும் மதிப்பான காசு இதுதான்.

கசிவுக்கு க்ளெய்ம் போடறப்ப ஒரு விஷயம் கவனிங்க, நிறைய ஏஜென்ட் இன்ஷூரன்ஸ்ல கண்ணாடியும் திரவமும் விலக்குல இருக்கும், 'தொலஞ்சா மட்டும் தருவோம்'னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அத பில் கட்டறதுக்கு முன்னாடி படிச்சா தான் பிரயோஜனம்.

சிம்ப்டம் 8: பாட்டில் முழுசா இருக்கு, ஆனா ஸ்ப்ரே வரல, இல்ல வாசனை என்னமோ மாதிரி இருக்கு

ஸ்ப்ரே வரலன்னா ட்யூப்ல காத்து நிக்குது, விடாம பத்து தடவ அமுக்குங்க, பெரும்பாலும் வந்துடும். கலங்கலா இருந்தா குளிர்ல வந்திருக்கு, ஒரு நாள் ரூம்ல வச்சா தெளிஞ்சிடும். முதல் ரெண்டு ஸ்ப்ரேய வச்சு டூப்ளிகேட்னு முடிவு கட்டாதீங்க, ட்யூப்ல தேங்கினது அப்படித்தான் அடிக்கும். பழுப்பு நிறமா மாறியிருந்தா வெனிலா இருக்கற பெர்ஃப்யூம்ல அது சகஜம், வெனிலின் நாளாக ஆக கறுக்கும். ஆனா ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி அடிச்சதும் முதல்ல வர்ற வாசனை (மேல் நோட்) மொத்தமா காணோம், பதிலுக்கு புளிச்ச நெடி வருதுன்னா சூட்டுல அடிபட்டிருக்கு, அத திரும்ப கொண்டு வர முடியாது. பேட்ச் கோட் (தயாரிப்பு தொகுதி எண்) அட்டைலயும் பாட்டில் அடிலயும் ஒண்ணா இருக்கான்னு பாக்கறது இங்க இல்ல, வேர்ஹவுஸ்ல இருக்கும்போதே பாத்திருக்கணும், அட்டை ஏற்கனவே பிரிஞ்சு வந்திருந்தா ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க.

சிம்ப்டம் 9: 'டிஸ்போஸ்டு', 'அபேன்டன்டு'னு வந்துடுச்சு, இல்ல எந்த லைனும் எடுக்க மாட்டேங்குது

'டிஸ்போஸ்டு'னு வந்துட்டா பொருள் போச்சு, அத அழிச்சதுக்கான பேப்பர கேளுங்க, எந்த பேர்ல டிக்ளேர் பண்ணாங்கன்னு அதுல இருக்கும். ஏஜென்ட் உங்ககிட்ட சொன்ன லைன் ஒண்ணு, அனுப்பினது வேறன்னா முதல்ல எடுத்து வச்ச ஸ்க்ரீன்ஷாட் இப்ப வேலைக்கு வரும், காசு திரும்ப கேக்க ஒரு பிடி கிடைக்கும். 'துணின்னு போட்டு அனுப்புங்க'ன்னு நீங்களே சொல்லியிருந்தா கேக்க எதுவும் இல்ல.

இன்னும் அழிக்கலன்னா ஏஜென்ட் மூணு ஆப்ஷன் குடுப்பார்: கைவிடறது, கடைக்கு திருப்பறது, அதே நாட்டுக்குள்ள வேற அட்ரஸுக்கு அனுப்பறது. கெடு முடியறதுக்குள்ள மூணாவத எடுத்துக்கோங்க, அந்த நாட்டுல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா. உள்நாட்டு தரை வழிக்கு அங்க சலுகை இருக்கும், அங்கேருந்து அவங்க ஊருக்கு வரும்போது பையில கொண்டு வரலாம். பயணிக்கு விதி தனி: ஒரு பாட்டில் 500 மில்லிக்குள்ள, பெர்ஃப்யூம், ஹேர் ஸ்ப்ரே மாதிரி எல்லாம் சேத்து ஒரு ஆளுக்கு 2 லிட்டருக்குள்ள, கேபின் பையில வச்சா பெரும்பாலான ஏர்போர்ட்ல 100 மில்லிக்குள்ள. பெரிய பாட்டில செக்-இன் பையில நடு மத்தில, துணிக்கு நடுவுல, மூடி மேல டேப் ஒட்டி, ஜிப் கவர்ல போட்டு வைக்க சொல்லுங்க, உள்ள என்ன இருக்குன்னு அவங்ககிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க, செக்-இன் கவுன்ட்டர்ல கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியது அவங்க தான்.